சிவப்பு அம்புக்குறி

திருப்பூர், ராயபுரம்.
ஜிப்பும் பட்டனும் மொத்தமாய் விற்கிற கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் என் அறை.
ஞாயிறு காலை மட்டும்தான் அவளால் வர முடியும்;
மற்ற நாளெல்லாம் ஒன்றரை ஷிப்ட்.
வேலாத்தாள் என்று வைத்துக்கொள்வோம்.
உண்மைப் பெயரை என் நோட்டில்கூட எழுதவில்லை.

முதல் நாள் சொன்னேன்:
மூச்சை மட்டும் கவனியுங்கள்,
உள்ளே வருவதை, வெளியே போவதை.
பயிற்சி வகுப்பில் எனக்குச் சொன்ன அதே குரலில்,
கொஞ்சம் தாழ்த்தி, கொஞ்சம் இழுத்து.
நாலாவது மூச்சில் கண்ணைத் திறந்துவிட்டாள்.
"பஞ்சு அடைச்ச நெஞ்சுங்க இது.
கவனிக்காத வரைக்கும் ஓடிட்டிருக்குது.
கவனிச்சா நின்னுபோற மாதர இருக்குதுங்."
அன்றைக்கு மூச்சை
அப்படியே விட்டுவிட்டோம்.

அவள் வேலை செக்கிங்.
டியூப்லைட்டுக்குக் கீழே நின்றபடி
ஒரு பனியனுக்கு முப்பது நொடி.
கழுத்து, தோள், கை, பக்கத் தையல்,
திருப்பி உள்புறம்.
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்
கண்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஒட்டி
இடப்பக்கப் பெட்டியில் எறிய வேண்டும்.
பத்தொன்பது வருஷம்.

ராத்திரி படுத்தாலும்
கண் அதே வேலையில்தான் இருக்கிறது.
பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டு
சொல்லாமல் கிளம்பிப்போன மகன்.
பதினொரு மாதமாய் ஃபோன் இல்லை.
எந்த வார்த்தையில் நூல் பிரிந்தது?
அன்று சோற்றைத் தட்டில் போட்ட வேகத்திலா,
அதற்கு முந்தின தீபாவளிக்கு வாங்கித்தராத செல்போனிலா?
ஒவ்வொரு நாளையும் உள்புறம் திருப்பி
பார்த்துப் பார்த்து ஒட்டுகிறாள்.
விடியும்போது உடம்பெல்லாம் அம்பு.

"பாருங்க, ஆனா ஒட்டாதீங்க" என்றேன்.
சிரித்தாள்.
"பாத்துப்போட்டு ஒட்டாம உட்டா
லாட்டே திரும்பி வந்துருமுங்க."
நியாயமான பேச்சு.
என் அலமாரியில் இருக்கிற எந்தப் புத்தகமும்
வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் வேஸ்ட் குவியலிலிருந்து
ஒரு குழந்தைச் சட்டை கொண்டுவந்தாள்.
மேசையில் விரித்து வைத்து
இரண்டு பேரும் பத்து நிமிடம் பார்த்தோம்.
"மஞ்சளுங்க."
பிறகு, "இல்லீங், சாம்பல் கலந்த மஞ்சள்."
வெகுநேரம் கழித்து,
"கழுத்துப்பட்டி கொஞ்சம் கோணல்."
கை தானாக இடுப்புக்குப் போய்
அங்கே இல்லாத ஸ்டிக்கர் சுருளைத் தேடியது.
"கை போகுது பாருங்" என்றாள்.
பார்த்தோம்.
போன கை அங்கேயே கொஞ்சம் நின்று
மடிக்குத் திரும்பிவந்தது.
அந்த வாரம் மூன்று இரவு தூங்கினாளாம்.
நாலாவது இரவு பழையபடி.

ஆறாவது ஞாயிறு.
அவள் பேசிக்கொண்டிருந்தாள்.
கீழே லாரி ஒன்று பின்னால் வந்தது,
அதன் ரிவர்ஸ் சங்கீதத்தோடு.
நான் கோயமுத்தூரில் இருந்தேன்;
திங்கட்கிழமை வரப்போகும் அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில்,
அங்கிருந்து வாடகையில்,
அங்கிருந்து எங்கோ.
சரியான இடங்களில் தலையாட்டினேன்.
பழகின தையல், கண்ணை மூடிக்கொண்டே போடலாம்.

திரும்பி வந்தபோது
அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள்.
"மன்னிச்சுக்குங்க.
கொஞ்ச நேரம் நான் இங்க இல்லை."
"தெரியுமுங்க.
லாரி சத்தத்தோட போனீங்க,
சித்த நேரங்கழிச்சு வந்துட்டீங்."
"சொல்லியிருக்கலாமே?"
"சொல்றதுக்கென்ன இருக்குது.
பாத்துட்டு இருந்தனுங்."

என் சட்டையைத் தடவிப் பார்த்தேன்.
எங்கேயும் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

கீழே யாரோ ஷட்டரைப் பாதி ஏற்றி
என்னவோ நினைத்து நிறுத்தினார்கள்.
மகன் இன்னும் கூப்பிடவில்லை.
நேரம் முடிய ஏழு நிமிடம் பாக்கி.
இரண்டு பேரும் அறையில் இருந்தோம்.